செயற்குழுவில் ஆறுமுகத்தாய்

ஆறுமுகத்தாய் அச்சுக்கோர்த்த பக்கத்தில் பிழை கண்டுபிடிப்பவருக்கு ஒரு காப்பி வாங்கித் தருவதாக அச்சகக்காரர் நாறும்பூநாதன் எல்லோரிடமும் சொல்வதுண்டு. பதினெட்டு வருஷத்தில் இரண்டே பேர்தான் அந்தக் காப்பியைக் குடித்திருந்தார்கள். பாளையங்கோட்டை தெற்கு பஜாரை ஒட்டிய சந்தில் இருந்த அந்த அச்சகத்தில் அவள்தான் மூத்த கம்பாசிட்டர். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை விழா நோட்டீஸ், சபை ஆண்டறிக்கை, பள்ளிக்கூட வினாத்தாள் எல்லாம் அவள் விரல் பட்டுத்தான் மிஷினுக்குப் போகும்.

ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து அவளுக்குக் காது முழுசாகப் போய்விட்டது. பேச்சும் நாளடைவில் நின்றுபோயிற்று. காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே கைப்பேச்சு வந்தது, எழுத்து வந்தது, கடைசி இரண்டு வருஷத்தில் அச்சுக்கோர்க்கும் தொழிலும் வந்தது. கட்டிக்கொண்டவன் சொரிமுத்து, பிறவியிலேயே காது கேளாதவன். முருகன்குறிச்சியில் தையல் கடை வைத்திருந்தான். ஆறுமுகத்தாயின் தங்கை சண்முகசுந்தரிக்குக் காது கேட்கும். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தாள். சின்ன வயசிலிருந்து அக்காவோடு சண்டை போட்டே கைப்பேச்சில் தேறியவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வ.உ.சி. மைதானத்தின் ஒரு மூலையில் காது கேளாதவர்கள் கூடுவார்கள். ஏரலிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். பாதிப் பேர் வருவது பேச. மீதிப் பேர் வருவது ஆறுமுகத்தாயைப் பார்க்க. அவளுக்குத்தான் எழுத்து நன்றாக ஓடும். தாலுகா ஆபீஸிலிருந்து வந்த கடிதம், ரேஷன் கார்டு மனு, மாப்பிள்ளை வீட்டார் எழுதிய இன்லண்ட் லெட்டர், எதுவானாலும் அவள் மடியில் வந்து விழும்.

1996 மாசி மாதம் திசையன்விளை டெபோரா ஒரு மஞ்சள் அட்டையோடு வந்தாள். மூன்று மாதத்துக்கு முன் வயிற்று வலி என்று அவளை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கூடப் போன சித்தப்பாவுக்கு அவள் சைகை தெரியாது. டாக்டர் ஏதோ கேட்டார், இவள் தலையாட்டினாள். கண் விழித்தபோது வயிற்றில் தையல். தன் கிட்னியை எடுத்து விற்றுவிட்டார்கள் என்றே மூன்று மாதமாக நம்பிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கவே பயந்து பாதியாக இளைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் தந்த அந்த அட்டை இங்கிலீஷில் இருந்தது. ஆறுமுகத்தாய் மறுநாள் நாறும்பூநாதனிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, பழைய புரூஃப் காகிதத்தின் பின்பக்கம் எழுதினார்: 'குடல்வால் ஆபரேஷன். அவ்வளவுதான். கிட்னி ரெண்டும் பத்திரமா இருக்கு.'

அடுத்த ஞாயிறு செய்தியைச் சொன்னதும் டெபோரா முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு கோபம் வந்து கைகள் படபடக்கக் கேட்டாள்: "இதைச் சொல்ல எனக்கு ஒரு ஆளு கிடைக்கலையா? மூணு மாசம் செத்துச் செத்துப் பொழைச்சிருக்கேனே!"

அந்தக் கேள்வி ஆறுமுகத்தாயோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

ஊரில் 'பொருநை காது கேளாதோர் நலச் சங்கம்' என்று ஒன்று இருந்தது. தலைவர் ஆவுடைநாயகம், ஓய்வுபெற்ற தாசில்தார். செயலாளர் தேவசிகாமணி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இரண்டு பேருமே நல்லவர்கள். ஒரு டீக்குக்கூடச் சங்கத்துக் காசைத் தொடமாட்டார்கள். வருஷா வருஷம் ஆண்டு விழா நடக்கும். மேடையில் இரண்டு மணி நேரம் பேசுவார்கள். கீழே காது கேளாதவர்கள் வரிசையாக உட்கார்ந்து உதடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிவில் ஆளுக்கொரு வேட்டியோ சேலையோ பிளாஸ்டிக் வாளியோ கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள். ஆண்டறிக்கையை அச்சுக்கோர்ப்பது ஆறுமுகத்தாய்தான். செயற்குழு உறுப்பினர் பதினோரு பேரின் பெயர்களும் தடித்த பெரிய எழுத்தில் வரும். கடைசிப் பக்கத்தில் 'பயனாளிகள்' என்று சின்ன எழுத்தில் ஒரு பட்டியல் வரும். அதில் அவள் பெயரும் இருக்கும்.

அந்த வருஷம் மேலப்பாளையத்து அகமது மீரான் சங்கத்துக்குப் பெரிய நன்கொடை தருவதாகச் சொல்லியிருந்தார். துபாயில் இருபது வருஷம் கடை நடத்திவிட்டுத் திரும்பியவர். அவருடைய தங்கை மகளுக்கும் காது கேட்காது. பங்குனியில் சங்கத்திலிருந்து நோட்டீஸ் அச்சடிக்க வந்தது: 'ஐம்பது பேருக்குக் காதுக் கருவி வழங்கும் விழா.'

பாதி வரி கோர்த்துவிட்டு ஆறுமுகத்தாய் எழுத்து அடுக்கும் ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். நான்கு வருஷத்துக்கு முன்பும் இப்படிக் கருவி கொடுத்திருந்தார்கள். சொரிமுத்து அதை ஒரே ஒரு நாள் மாட்டினான். சாயங்காலம் தலைவலியோடு வந்து, பித்தான் டப்பாவுக்குள் போட்டு மூடினான். காது கொஞ்சம் கேட்பவர்களுக்கு அது உதவும். அவனைப் போன்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல். தங்களுக்கு வேண்டியது ஆள். ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் பத்திர ஆபீஸுக்கும் கூட வந்து, அங்கே சொல்வதை இங்கேயும் இங்கே சொல்வதை அங்கேயும் கொண்டுசேர்க்கிற ஓர் ஆள்.

அன்று மதியமே தேவசிகாமணி வீட்டுக்குப் போய் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி நீட்டினாள். அவர் பொறுமையாகப் படித்தார். 'நல்ல யோசனை. ஆனால் கமிட்டி தீர்மானம் போட்டாகிவிட்டது' என்று கீழே எழுதினார்.

'கமிட்டியில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லையே, ஐயா?'

'உங்களுக்காகத்தானேம்மா நாங்கள் இருக்கிறோம்.'

அதற்கு மேல் எழுதத் தாளில் இடம் இருந்தது. ஆறுமுகத்தாய் அதை மடித்து எடுத்துக்கொண்டாள். அச்சகத்துக்குத் திரும்பி, பழைய கோப்புகளைக் கிளறி, எப்போதோ தானே கோர்த்த சங்க விதிகளை எடுத்தாள். அன்று எழுத்து எழுத்தாகப் பார்த்தாளே தவிர, அர்த்தமாகப் படிக்கவில்லை. இப்போது படித்தாள். மாவட்டத்தில் வசிக்கும் பதினெட்டு வயது நிரம்பிய எவரும் சந்தா கட்டி உறுப்பினராகலாம். உறுப்பினர் எவரும் செயற்குழுவுக்கு நிற்கலாம். காது கேட்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பத்தாறு உறுப்பினர் விண்ணப்பங்கள் சேர்ந்தன. கட்டாக அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தேவசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். ஒன்றையும் தள்ளவில்லை. "சட்டத்துல இடம் இருக்கு. நான் யாரு மறிக்க?" என்று மனைவியிடம் சொன்னாராம்.

ஆனி மாதம் பொதுக்குழு. அகமது மீரானும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். செயற்குழுத் தேர்தல் என்றதும் ஆறுமுகத்தாய் எழுந்து நின்றாள். தன் குரலாக இருக்கத் தங்கை சுந்தரியைக் கூட்டிவந்திருந்தாள்.

தலைவர் ஆவுடைநாயகத்துக்குக் கோபமில்லை, ஆச்சரியம்தான். சுந்தரியைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, கமிட்டின்னா பத்துப் பேரு பத்து விதமாப் பேசுவாவ. ஒங்க அக்கா அதை எப்படிக் கேப்பா? பாவம், அவளை எதுக்குச் செரமப்படுத்துதிய?"

சுந்தரி கையால் சொன்னாள். ஆறுமுகத்தாயின் கைகள் பதிலுக்கு வேகமாக எழுந்தன, நெடுநேரம் பேசின. அவை தாழ்ந்ததும் சுந்தரி சபையைப் பார்த்து, "அக்கா எல்லாருக்கும் நன்றி சொல்லுதா. ஒரு சின்னக் கோரிக்கை, அவ்வளவுதான்" என்றாள்.

தலைவர் முகம் மலர்ந்து சிரித்தார். ஆறுமுகத்தாய் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். தான் சொன்னதைக் கேட்டிருந்தால் அவர் சிரித்திருக்க முடியாது. தங்கையின் தோளைத் தட்டித் திருப்பினாள்.

"நான் சொன்னதையா சொன்னே?"

சுந்தரி தலைகுனிந்தாள். அவள் வேலை பார்த்த பள்ளியின் நிர்வாகத்திலும் ஆவுடைநாயகம் இருந்தார். "அவாள்ட்ட அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரலைக்கா. கொஞ்சம் பைய சொல்லுவோம்" என்று விரல்களைச் சுருக்கிச் சொன்னாள்.

"கோபம் வந்தா எம்மேல வரட்டும். நீ என் வாய் மட்டுந்தான். நான் சொன்னதை அப்படியே சொல்லு."

சுந்தரி ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு அக்காவின் கைகளை மட்டும் பார்த்தபடி உரக்கச் சொன்னாள்: "பதினெட்டு வருசமா ஒங்க பேரையெல்லாம் நாந்தான் அச்சுக் கோக்கேன். எங்க பேரு பயனாளியா மட்டுந்தான் வருது. நீங்க மேடையில பேசுனது ஒண்ணுகூட எங்களுக்குக் கேக்கல. சரி, அது எங்க காதோட கோளாறு. எங்களுக்கு என்ன வேணும்னு நீங்களும் ஒருநாளும் கேக்கலையே. அது யாரோட கோளாறு?"

ஆவுடைநாயகம் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார், மறுபடியும் அடுக்கினார்.

அகமது மீரான்தான் முதலில் எழுந்தார். "ஏம்மா, அப்போ மிஷின் வேண்டாங்கியளா? போன தடவை வாங்குனவங்க இங்கன எத்தனை பேரு மாட்டியிருக்காவ? அதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

சுந்தரி கேட்டாள். ஒரே ஒரு கை உயர்ந்தது, ஏரல்காரர் ஒருவருடையது. அவரும், விழா என்று நினைத்து மரியாதைக்கு மாட்டிவந்ததாகவும், உள்ளே பேட்டரி இல்லை என்றும் சொன்னார். சுந்தரி அதையும் அப்படியே சொன்னாள். அகமது மீரான் சிரித்துவிட்டார். தலைவரும் சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

வாக்கெடுப்பில் ஆறுமுகத்தாயும் டெபோராவும் இன்னொருவரும் செயற்குழுவுக்கு வந்தார்கள். கூடத்தின் பின்பாதி முழுக்கக் கைகள் உயர்ந்து விரல்கள் படபடத்தன. அதுதான் அவர்களுடைய கைதட்டல், சத்தமே இல்லை. மேடையில் இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தேவசிகாமணிதான் முதலில் தன் கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டினார்.

முதல் மூன்று கூட்டங்கள் கஷ்டமாகத்தான் போயின. ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் பேசுவார். சுந்தரியின் கைகள் பின்தங்கும். ஆறுமுகத்தாய் மேஜையைத் தட்டி நிறுத்துவாள். ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் கைதூக்கிப் பேச வேண்டும், தீர்மானத்தைக் கரும்பலகையில் எழுதிய பிறகே அடுத்த விஷயம் என்று ஒரு நடைமுறை வந்தது. அந்த நடைமுறை வந்தபின், வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த ஓர் உறுப்பினர், ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு யோசனை சொன்னார். காது கேட்பவர்தான். இடைவெளி கிடைத்ததே இல்லையாம்.

நன்கொடையில் கருவி தேவைப்பட்ட பதினான்கு பேருக்கு மட்டும் கருவி வாங்கினார்கள். மீதியைக் கொண்டு கைப்பேச்சு தெரிந்த ஆட்களை வேலைக்கு வைப்பதென்று முடிவாயிற்று. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஆறுமுகத்தாய்க்கு வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து அருமையான எழுத்துத் தேர்வு ஒன்றைத் தயாரித்தாள். பள்ளிக்கூடத்துக் கைப்பேச்சில் ஒரு சோதனையும் வைத்தாள்.

டெபோரா அதைப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தாள். "நீ ஒன்னை மாதிரி படிச்சவளுக்கு ஆள் தேடுதே. எங்க ஊர்ப் பக்கம் பள்ளிக்கூடமே போகாம வீட்டுச் சைகையில பேசுதவ எத்தனை பேரு இருக்காவ! அவங்களுக்கு யாரு? அவங்களை ஒரு வார்த்தை கேட்டியா?"

ஆறுமுகத்தாய்க்குச் சுருக்கென்றது. தேர்வுத்தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பொதுக்குழுவில் தாசில்தாரைப் பார்த்துத் தான் கேட்ட கேள்வியை இப்போது டெபோரா தன்னைப் பார்த்தே கேட்டுவிட்டாளே என்ற எரிச்சல் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் திசையன்விளைக்குப் போனாள். டெபோரா அவளை வீடு வீடாகக் கூட்டிப்போனாள். பீடி சுற்றுகிறவள், பனைநார்ப் பெட்டி முடைகிறவள், ஆடு மேய்க்கிறவள். ஒவ்வொருத்திக்கும் அவள் வீட்டுக்கு மட்டுமே தெரிந்த தனிச் சைகை. ஆறுமுகத்தாய்க்குப் பாதி புரியவில்லை. டெபோராதான் எடுத்துச் சொன்னாள்.

தேர்வுத்தாள் குப்பைக்குப் போயிற்று. விண்ணப்பித்தவர்களை ஊர்களுக்கே அனுப்பி, யாரோடு அந்த மக்கள் சிரித்துப் பேசினார்களோ அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1997 தையில் மூன்று பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்த வருஷத்திலேயே பிரசவம், அடிதடி வழக்கு, நிலப்பத்திரம் என்று நூற்றுக்கு மேற்பட்ட இடங்களுக்கு அவர்கள் கூடப் போனார்கள்.

1998இல் தேவசிகாமணிக்குக் கண் மங்கிவிட்டது. செயலாளர் பொறுப்புக்கு ஆறுமுகத்தாயின் பெயரை அவரே முன்மொழிந்தார். வழிமொழிந்தது ஆவுடைநாயகம். "அவ வந்த பெறவுதான் கூட்டம் நேரத்துக்கு முடியுது, வே" என்று காரணமும் சொன்னார்.

மறு வருஷம் திசையன்விளையில் சங்கத்தின் கிளை தொடங்கினார்கள். தலைவி டெபோரா. சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, நாலு பெஞ்சு, ஒரு கரும்பலகை. பெஞ்சுகளில் முன்பு வீடு வீடாகப் போய்ப் பார்த்த பெண்கள். செயலாளர் என்ற முறையில் ஆறுமுகத்தாய் முன்னால் போய் நாலு வார்த்தை பேசலாம் என்று எழுந்தாள். டெபோரா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"செத்த இரி. முதல்ல இவங்க சொல்லட்டும்."

ஆறுமுகத்தாய் பெஞ்சில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் எழுந்தவள் ஆடு மேய்க்கிறவள்.