பன்னிரண்டாம் அறையின் போளைப் போத்தல்

2023 நவம்பர் 20, திங்கட்கிழமை. ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். தேநீர், சம்பலோடு இரண்டு துண்டு பாண். ஆறு முப்பத்தைந்துக்குக் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினேன். ஏழு இருபதுக்கு வேலைத்தலம். மருந்து பொதி செய்யும் தொழிற்சாலையில் பதிவேடு சரிபார்ப்பவள் நான். மற்றவர்கள் எழுதிய நேரமும் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. பன்னிரண்டு பத்துக்கு, சாப்பாட்டு நேரத்தில், தொலைபேசி அடித்தது.

அழைத்தவர் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் தலைவர்.

"தங்கச்சி, பள்ளிக்கூடத்திலையிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டாம் அறைப் பிரச்சினை. நான் சமாளிச்சுப்போட்டன். பின்னேரம் வாங்கோ, கதைப்பம்."

எங்கள் புறநகரின் கல்விச் சபை சிறியது. அதன் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றையும் காரில் ஒரு காலைப் பொழுதுக்குள் சுற்றி வந்துவிடலாம். அவற்றில் ஒன்றில்தான் சனிக்கிழமைகளில் ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு அறைகளை எங்களுக்கு விட்டிருந்தார்கள். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் கிழமை நாட்களில் அதே கட்டடத்தில் பிரெஞ்சு மொழியில் படிப்பவர்கள். ஆனால் சனிக்கிழமை அதே வாசலால் உள்ளே வரும்போது அவர்கள் விருந்தாளிகள். இது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை வரை உறுத்தவில்லை.

உறுத்தாததற்குக் காரணம், நல்ல விருந்தாளியாக இருப்பதில் எனக்கு இருந்த பெருமை. அறைகளுக்குப் பொறுப்பு நான்; விதிகளை எழுதியவளே நான்தான். கரும்பலகையில் கிழமை நாள் வகுப்பின் பிரெஞ்சு வினைச்சொற்கள் எழுதியிருந்தால் அழிக்கக்கூடாது. அதன் மேல் மண்ணிறத் தாளை ஒட்டி அதில் 'அ' எழுத வேண்டும். மேசைக்குள் கை வைக்கக்கூடாது. வகுப்பு தொடங்க முன் எட்டு நாற்பதுக்கு ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுப்பேன். முடிந்ததும் அந்தப் படங்களைப் பார்த்துக் கதிரைகளைப் பழைய கோணத்துக்கே திருப்பி வைப்போம். தரையில் ஒரு பென்சில் கிடந்திருந்தால் அதைத் தரையிலேயே விட்டுவிட்டு வருவோம். திருப்பி வைத்த பிறகு, பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மறுபடியும் நான்கு படங்கள். கையில் ஒரு கொப்பி. நடந்ததை நடந்த நேரத்தோடு அதில் எழுதுவேன்; மாத முடிவில் தலைவரும் அதைப் புரட்டிப் பார்ப்பார்.

பின்னேரம் ஆறு மணிக்குத் தலைவர் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டாம் அறையில் படிப்பிக்கும் இளம் டீச்சரும் வந்திருந்தாள். தலைவர் கடிதத்தைக் காட்டினார். அந்த அறையின் யன்னல் ஓரத்தில் ஒரு பெரிய கண்ணாடிப் போத்தல் இருக்கும். கிழமை நாள் வகுப்பு ஒழுங்காக நடந்துகொண்டால் ஆசிரியை அதில் ஒரு போளை, பிள்ளைகள் உருட்டி விளையாடும் கண்ணாடிக் குண்டு, போடுவார். நிரம்பியதும் பிள்ளைகளுக்குப் பீட்சா. திங்கட்கிழமை காலை பார்த்தால், நிரம்பும் தறுவாயில் இருந்த போத்தல் பாதியாக இருக்கிறதாம். பிள்ளைகள் அழுதார்களாம். சனிக்கிழமை வகுப்பார் விளக்கம் தராவிட்டால் ஜனவரியிலிருந்து அறைகளைத் தருவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்குமாம். எழுதியவர் அதிபர்.

"மறுமொழி என்ன எழுதினியள்?" என்று கேட்டேன்.

"மன்னிப்புக் கேட்டன். இரண்டு போத்தல் நிறையப் போளை வாங்கித் தாறம் எண்டன். பேந்து, பிள்ளையைக் கண்டுபிடிச்சிட்டம் எண்டும் எழுதினன்."

"எந்தப் பிள்ளையை?"

அவர் ஒரு பெயரைச் சொன்னார். எட்டு வயதுப் பெண் பிள்ளை. யன்னல் பக்கம் இருப்பவள், வாய் ஓயாதவள். தாய் திருகோணமலையிலிருந்து வந்து மூன்று வருடம். ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில் வேலை. அந்தப் பிள்ளையும் கிழமை நாட்களில் அதே பள்ளிக்கூடம்தான்.

"அவள் எடுத்ததை ஆர் கண்டது?"

"நான் காணேல்லை அக்கா," என்றாள் டீச்சர், தலையைக் குனிந்தபடி.

"கண்டவை இல்லைத்தான்," என்றார் தலைவர். "ஆனா நீங்கள்தானே தங்கச்சி எழுதி வைச்சிருக்கிறியள்? ஒக்டோபர் பதினாலு. அவள் போத்தலைத் தூக்கி ஆட்டினது, நீங்கள் பேசினது. உங்கடை கொப்பியிலை இருக்கு. அதைத்தான் நான் எழுதினன்."

எனக்கு உச்சந்தலை சூடாகியது. அந்த வரியை நான்தான் எழுதியிருந்தேன். பத்து பதினைந்து, யன்னலோரப் பிள்ளை போத்தலை ஆட்டிச் சத்தம் கேட்டாள், எச்சரித்தேன். ஆட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். எட்டு வயதில் ஒரு போத்தல் போளை கண் முன்னால் இருந்தால் ஆட்டிப் பார்க்காத பிள்ளை உண்டா? அதை ஏன் எழுதினேன்? எதையும் எழுதாமல் விட எனக்குத் தெரியாது என்பதால் எழுதினேன்.

கைத்தொலைபேசியை எடுத்துச் சனிக்கிழமை காலைப் படங்களைத் திறந்தேன். யன்னல் மூலைப் படத்தைப் பெரிதாக்கினேன். எட்டு நாற்பது. எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட இன்னும் உள்ளே வந்திருக்கவில்லை. போத்தல் பாதிதான் இருந்தது. பன்னிரண்டு இருபத்தைந்துப் படத்திலும் அதே பாதி. நான் கதிரைகளைப் பார்த்தேனே தவிரப் போத்தலைப் பார்க்கவில்லை.

டீச்சர் எட்டிப் பார்த்தாள். "அக்கா, அப்ப வெள்ளிக்கிழமையே குறைஞ்சிட்டுதே!"

"ஓம். இதை இப்பவே அதிபருக்கு அனுப்புங்கோ அண்ணை."

தலைவர் படத்தை வாங்கிப் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். பிறகு திருப்பித் தந்தார்.

"இதை அனுப்பினா என்ன அர்த்தம்? உங்கடை ஆக்கள்தான் கள்ளர் எண்டு அவைக்குச் சொல்லுறது. ரூமைத் தருவினமே? அறுபது பிள்ளையள். வேறை இடம் வைச்சிருக்கிறியளோ?"

"அந்தப் பிள்ளைக்கு?"

"அவளுக்கென்ன, ரெண்டு பேச்சு விழும். தாயும் ஒண்டும் சொல்லமாட்டா. பெற்றார் கூட்டத்துக்கே வாறேல்லை."

"தாய் சனிக்கிழமையும் வேலைக்குப் போறவ அண்ணை."

"உங்களைப் பொலிசிலை சேர்த்திருக்க வேணும் தங்கச்சி. படம், நேரம், கொப்பி!" என்று சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பைவிட அதற்கு முன் சொன்ன வசனம்தான் என்னைக் கொதிக்க வைத்தது. தாயும் ஒண்டும் சொல்லமாட்டா. அதற்காகத்தான் அந்தப் பெயரைத் தெரிந்தெடுத்திருக்கிறார். தன் பேரப்பிள்ளையும் அதே அறையில், அடுத்த வரிசையில் இருக்கிறான் என்பது அவருக்கு நினைவு வந்திருக்காது. கேட்க வாயெடுத்தேன், கேட்டால் அவன் பெயரும் இதில் விழுந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அதிபர் மேல் எனக்கு இருந்த கோபம் குறைந்தது அல்ல. ஒரு வகுப்புப் பிள்ளைகளை அழவிட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த அறையை யார் பாவித்தார்கள் என்று தன் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு கேள்வி கேட்காமல், நேரே எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஆனால் அவருடைய கடிதத்தில் எந்தப் பிள்ளையின் பெயரும் இருக்கவில்லை. பெயரைக் கொடுத்தது நாங்கள்.

ஏழு மணிக்கு எழும்பினேன். "நீங்கள் எழுதாட்டி நான் எழுதுவன்," என்றேன்.

"குழுவின்ரை பேரிலை எழுத உங்களுக்கு உரிமை இல்லை," என்றார். குரல் மாறியிருந்தது. "அறை போனா, சனங்களுக்கு நீங்கள்தான் மறுமொழி சொல்ல வேணும்."

"சொல்லுறன்."

வாசலில் சப்பாத்துப் போடும்போது டீச்சர் பின்னால் வந்தாள். "அக்கா, நானும் காணேல்லை எண்டு எழுதுங்கோ. என்ரை பேரைப் போடுங்கோ," என்றாள் மெதுவாக.

வீட்டில் கடிதம் எழுத உட்கார்ந்து மூன்று தரம் அழித்தேன். என் பிரெஞ்சு கோபப்படுகிற பிரெஞ்சு அல்ல. வேலையிடத்துப் படிவங்களின் பிரெஞ்சு. எழுத எழுத அது மரியாதையாகவே வந்தது. 'தயவுசெய்து', 'தங்கள் மேலான கவனத்துக்கு'. அந்த மரியாதையைப் பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்னொரு விஷயமும் தெரிந்தது. மின்னஞ்சல் போட்டால் அவர்கள் பத்து மணிக்கு வாசிப்பார்கள், அல்லது புதன்கிழமை வாசிப்பார்கள். பள்ளிக்கூட மணி எட்டுக்கு அடிக்கும். அந்தப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு, தன் பெயர் எங்கே போயிருக்கிறதென்று தெரியாமல், அந்தக் கட்டடத்துக்குள் நடந்து போவாள். யாராவது அவளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பயந்தால் எட்டு வயதுப் பிள்ளை செய்யாததையும் செய்தேன் என்று சொல்லிவிடும்.

கடிதத்தை மூடினேன். எட்டுப் படங்களையும் நிறத்தில் அச்செடுத்து, ஒவ்வொன்றின் கீழும் நேரத்தை எழுதினேன். வேலைத்தலத்துக்குப் பிந்தி வருவேன் என்று செய்தி அனுப்பினேன். இத்தனை வருடத்தில் அப்படி நான் அனுப்பிய முதல் செய்தி அது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. முதல் வேலையாக, ஏழு பதினைந்துக்கு, பள்ளிக்கூட அலுவலக வாசலில் நின்றேன். செயலாளர் கதவைத் திறந்து, அதிபரோடு சந்திப்புக்கு நேரம் வாங்கியிருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, மணி அடிப்பதற்கு முன் அவளைப் பற்றி அதிபரோடு பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தேன்.