யார் மூலம் என்ற கட்டம்

2024 செப்டம்பர் 21, சனிக்கிழமை என்ற தேதியின் கீழ் என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான்: "மாலை 5.10. பெருமாள்புரத்துக்குத் தெற்கே புது வீடுகள். தனியே போனேன். வாசலில் பதிவேடு. எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். பதினொன்றாம் எண் வீட்டில் மேற்கு வெயில் அடுப்படி வரை வருகிறது."

கட்டங்களை நிரப்பினேன் என்று ஒரு வரி இருக்கிறதே, அதனால் ஒருவருக்கு வரவேண்டிய கூலி தடைபட்டது.

அவர் மேலப்பாளையத்துக்காரர். சவூதியில் சில வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பி வீட்டுத் தரகு பார்க்கிறவர். நான் பாய் என்று கூப்பிடுவேன். மனைவி இறந்த பிறகு பாளையங்கோட்டையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டை அதன் சொந்தக்காரர் திரும்பக் கேட்டார். மகள் ஜெர்மனியிலிருந்து, இனி வாடகை வேண்டாம், சொந்தமாக ஒன்று வாங்குங்கள் என்றாள். அந்தப் பிப்ரவரியில் பாய் வந்தார். அதிலிருந்து ஏழு மாதம், ஞாயிறு ஆராதனை முடிந்து நான் கோவிலை விட்டு வெளியே வரும்போது அவர் ஸ்கூட்டர் எதிரே நிற்கும். முப்பத்தெட்டு வீடு பார்த்தோம். சுவரைத் தட்டுவார், குழாயைத் திறந்துவிட்டு நிற்பார், ஐந்து ரூபாய் நாணயத்தால் தரை ஓடுகளைத் தட்டிக்கொண்டே போவார். அடியில் சாந்து பிடிக்காத ஓடு வெற்றுக் குடத்தைப் போலச் சத்தம் தரும். அந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். வாரத்தில் மற்ற ஆறு நாளும் நான் யாரோடும் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

பழைய வீடு என்றால் விற்பவரும் வாங்குபவரும் தரகருக்கு ஆளுக்கொரு பங்கு தருவார்கள். புது வீட்டுக்கு வழக்கம் வேறு. ஆளைக் கூட்டி வந்த தரகருக்குக் கட்டியவர்களே தருவார்கள், முன்பணம் விழுந்ததும் பாதி, பத்திரம் பதிந்ததும் மீதி. வாங்குகிறவர் ஒன்றும் தரவேண்டாம். அந்தப் பணமும் வீட்டு விலைக்குள்தானே இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன். பாய் மறுக்கவில்லை.

"பொறவு வானத்துலேந்தா வரும் சார்?" என்றார்.

யார் கூட்டி வந்தது என்பதை வாசல் பதிவேட்டின் முதல் பதிவு முடிவு செய்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருந்ததில்லை. அவர் இல்லாமல் நான் எங்கும் போனதே கிடையாது.

அந்தச் சனிக்கு முந்தின வியாழக்கிழமை தொலைபேசியில் பெருமாள்புரம் வீடுகளைப் பற்றிச் சொன்னார். ஞாயிறு போகலாம் என்றார். சனிக்கிழமை மாலைகள் எனக்கு நீளமானவை. மேற்கு வெயில் எப்படி விழுகிறது என்று பார்த்து வைத்தால் நல்லது என்று காரணம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். வாசலில் காவலாளி பதிவேட்டை நீட்டினார். பெயர், நேரம், ஊர், எந்த எண் வீடு, யார் மூலம். பள்ளி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் பதிவேடு எழுதியவன் நான். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட்டதில்லை. தனியாகத்தானே வந்திருந்தேன்? "நேரடி" என்று எழுதினேன்.

மறுநாள் பாயோடு போனபோது அதே பக்கம் விரிந்திருந்தது. கையெழுத்துப் போடக் குனிந்தவர் மேல் வரியில் விரலை வைத்துப் படித்தார். பிறகு வழக்கம்போல உள்ளே கூட்டிப்போய்க் குழாய்களைத் திறந்தார், ஓடுகளைத் தட்டினார், சன்னலுக்குக் கீழே ஒரு வட்டம் போட்டார். வெளியே டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"நேத்து இங்கன வந்தியளோ?"

வந்தேன் என்றேன்.

"ஒரு நா பொறுக்க முடியலையாக்கும்." சிரிக்கத்தான் பார்த்தார். "அந்தக் கட்டத்தச் சும்மா விட்டிருந்தாக்கூடப் பேசிக்கிடலாம். நேரடின்னு எழுதிட்டிய. இப்ப அவங்களுக்கு நான் ஆருன்னே தெரியாது சார்."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்தத் தொகையை நானே தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்னிடம் வாங்கினால், என்னைக் கூட்டிவந்தது தான் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார்.

பதினொன்றாம் எண் வீட்டுக்கு முன்பணம் கொடுத்த அன்று, கட்டியவர்களின் அலுவலகத்தில் இருந்த மேலாளரிடம் இதைச் சொன்னேன். நல்ல பையன்தான். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

"பதினஞ்சாந் தேதியே பாய் கூட வந்து பாத்தேன், பதிவேட்டுல எழுத விட்டுப்போச்சுன்னு ஒரு லெட்டர் தாங்க. மேல அனுப்பிருதேன்."

பதினைந்தாம் தேதி நாங்கள் பேட்டையில் இருந்தோம். கிணற்றுச் சுவரில் விரிசல் விட்ட ஒரு பழைய வீடு. அது என் குறிப்பேட்டில் இருக்கிறது. பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்பது மட்டும் எங்கும் குறிப்பில்லை. பாய் பக்கத்து நாற்காலியில் இருந்தார். கடைசியில் உள்ளதை எழுதினேன். இருபத்தொன்றாம் தேதி தனியாக வந்தது உண்மை. இந்த வீட்டைப் பற்றி எனக்குச் சொன்னவரும், என்னை வாங்கச் சொன்னவரும் இவர். இவருக்குச் சேர வேண்டியதை இவருக்கே கொடுக்க வேண்டும். மேலாளர் படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

படியிறங்கும்போது பாய் சொன்னார்: "உள்ளத எழுதியிருக்கிய. ஒரு வாரம் முன்னப்பின்ன, அவ்வளவுதான் சார் கெடந்தது." பிறகு, "ஒங்களால அது முடியாது. எனக்குத் தெரியும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பத்திரப் பதிவு அன்று வந்தார். சாட்சிக் கையெழுத்தும் போட்டார். என்னைப் பழைய வீட்டில் இறக்கிவிட்டு, பைய வாறேன் என்று போனார்.

இப்போது பதினொன்றாம் எண் வீட்டில் இருக்கிறேன். பக்கத்தில் இரண்டு வீடுகள் விற்காமல் கிடக்கின்றன. மேற்கு வெயில் நான் குறித்து வைத்தபடியே அடுப்படி வரை வருகிறது. சன்னலுக்குக் கீழே இருக்கும் வட்டத்தைத் துடைக்கவில்லை. கட்டியவர்களிடம் சொன்னால் வேறு ஓடு போட்டுத் தருவார்கள், சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எதிரே பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பாயிடம் தொலைபேசியில் நாலு முறை பேசியிருக்கிறேன். நான்கு முறையும் நலம் விசாரித்தார். பணம் வந்ததா என்று கேட்டதற்கு, "அத விடுங்க சார்" என்றார்.

அந்த மேலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கோப்பைத் தேடிப்பார்த்தார். என் கடிதம் இருந்தது, அதன் மேல் பச்சை மையில் ஒரு சுருக்கொப்பமும் இருந்தது. சரி என்பதற்கா, பார்த்தேன் என்பதற்கா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கொடுத்திருப்பாங்க என்றார்.

பாய்க்குப் பணம் சேர்ந்ததா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.