இருபத்துநான்கு மரை, இருபத்தாறு மரை

யுத்தம் முடிந்த வருடம், ராஜபாளையத்துச் சைக்கிள் கடையொன்றில், ஜப்பான் சரணடைந்ததற்கு அடுத்தபடியான முக்கிய முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. இரண்டு வகை ஹாண்டில் கப்புகளையும் இனி ஒரே டப்பாவில் போடுவதில்லை.

அந்த முடிவை எடுத்த யாக்கோபு அண்ணாச்சி இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் போய்விட்டார். தொண்ணூற்றிரண்டு வயது... வயதைச் சொல்லி எனக்கு ஆறுதல் சொல்லாதீர்கள்.

அந்தக் கடையில் அவர் ஹெட் மெக்கானிக். நான் அவருக்கு அடுத்தவன். மொத்தம் இரண்டே பேர்.

ஹாண்டில் கப் என்பது, முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் போர்க்கின் தலையில் திருகி உட்காரும் சின்னக் கிண்ணம். அதற்குள் பால்ஸ் என்ற இரும்புக் குண்டுகள் உருண்டால்தான் ஹாண்டில் திரும்பும். உள்ளே திருகுவதற்கு வெட்டிய வரிகள்தான் மரை; ஒரு வகைக்கு அங்குலத்துக்கு இருபத்துநான்கு மரை, மற்றதற்கு இருபத்தாறு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"மொதல்ல விரலால ரெண்டு சுத்து போகணும்லே சீனி. பொறவுதான் ஸ்பேனர். விரலுக்குப் போகலைன்னா அது வேற கப்பு" என்பார் அண்ணாச்சி என்னிடம்.

ஒரு நாள் எனக்கு அவசரம். கான்சாபுரத்துப் பண்ணையார் ஒருவரின் சைக்கிள். விரல் பாதிச் சுற்றில் நின்றது... ஸ்பேனரைப் போட்டேன். போர்க்கின் மரை முழுவதும் வழித்துக்கொண்டு வந்தது. யுத்தத் தட்டுப்பாட்டில் அன்றைக்குப் புதுப் போர்க்கு மதராஸிலேயே கிடைக்காது.

"யாருலே மாட்டுனது?" முதலாளி கத்தினார்.

"நாந்தான் மொதலாளி. கண்ணு சரியாத் தெரியல" என்றார் அண்ணாச்சி. ராஜபாளையத்திலேயே கூர்மையான கண் அவருடையது.

நான் வாயைத் திறந்தேன். "ஏலே, தை மாசம் ஒனக்குக் கல்யாணம். வேலையத்தவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? பொத்திக்கிட்டு இரு" என்றார் காதோடு.

அவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அது எனக்குத் தெரியும். பொத்திக்கொண்டு இருந்தேன்.

அன்று சாயங்காலமே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். போகும் முன் இரண்டு வகைக் கப்புகளையும் தனித்தனி டப்பாவில் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் போனார். தையில் என் கல்யாணம் நடந்தது.

அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் கொட்டகை போட்டுப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் கழித்து, வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அந்தக் கப்பு..."

"இப்ப விரலால சுத்திப் பாக்கியாலே?"

"பாக்கேன் அண்ணாச்சி."

"அம்புட்டுதான். காப்பியக் குடி."

பிறகு எத்தனையோ தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் காப்பி வந்தது. என் வாக்கியம் மட்டும் முடியவே இல்லை...

முதலாளியிடமும் நான் கடைசிவரை சொல்லவில்லை.

போய் வாருங்கள், அண்ணாச்சி. மாட்டியது நான்தான்.

அவருடைய ஹெட் மெக்கானிக் வேலையில் நான் பதினெட்டு வருடம் இருந்தேன்.