பதினெட்டு அடிச் சரிவு

எண்ணூரில் உப்புக் காற்று இரும்பையே தின்றுவிடும் என்று மற்றவர்கள் ஒதுங்கிய இடத்தில் இரண்டு மாடி எழுப்பியவன் நான். தண்டையார்பேட்டையில் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறிய மனையில் குடோனுக்கு அஸ்திவாரம் போட்டேன். அது நிற்காது என்று சொன்ன இஞ்சினியர் ரிட்டையராகிப் போய்விட்டார், குடோன் நிற்கிறது. எர்ணாவூரில் வரிசை வீடுகள், அத்திப்பட்டு போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம், திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபம். படித்தது மூன்றாம் வகுப்பு. ப்ளானைத் தலைகீழாகக் கொடுத்தாலும் படித்துவிடுவேன். ஆனால் நான் கட்டியதிலேயே பெரியது எது என்று கேட்டால், ராயபுரத்தில் ஒரு லாட்ஜ் வாசலில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கட்டிய சிமெண்ட் சரிவைத்தான் சொல்வேன்.

அறுபதுகளின் கடைசி அது. அந்த லாட்ஜில் யாரும் ஒரு ராத்திரிக்கு வந்து போவதில்லை. ஹார்பர் ஆட்கள், கப்பல் ரிப்பேருக்கு வந்தவர்கள் எல்லாம் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தங்குவார்கள். அறைக்குள்ளேயே ஸ்டவ், கொடியில் லுங்கி. கீழ்த்தளத்தில் ஆறு வருஷமாக ஒரு வின்ச் டிரைவர் இருந்தார், கப்பல் சரக்கைக் கயிற்றில் தூக்கி இறக்கும் மிஷினை ஓட்டுகிறவர். சரக்குக் கயிறு அறுந்து மேலே விழுந்ததில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு திரும்பினார். வாசலில் மூன்று படி. பக்கத்து அறைக்காரர்கள் இரண்டு பேர் மூட்டை மாதிரி தூக்கி ஏற்றுவார்கள், இறக்குவார்கள்.

அடுத்த தெருப் பட்டறையில், ஆட்கள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கிற டைம்கீப்பர் வேலை அவருக்குத் தயாராக இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து தினம் காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், தவறினால் வேறு ஆள். தூக்குகிற இரண்டு பேருமோ ஷிப்டு ஆட்கள், பாதி நாள் இருக்க மாட்டார்கள். ஒரு நாள் தங்குகிறவனுக்கு யாராவது கை கொடுப்பார்கள். மாதக்கணக்கில் தங்குகிறவனுக்குத் தினமும் யார் கொடுப்பது?

நான் அப்போது அதே லாட்ஜுக்கு மேல் தளம் எழுப்பிக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரி, வானத்துக்குக் கட்டிக்கினு கீறியே, கீழ மூணு படி கீது, அத்த பாத்தியா?" என்றார் வின்ச் டிரைவர்.

"ஒரே நாள்ல முடிச்சிட்றேன் மாமு" என்றேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கொத்து வேலைக்கு வருமுன் நான் ஹார்பரில் பீப்பாய் உருட்டியவன். லாரிக்குப் பீப்பாய் ஏற்றும் பலகையின் சாய்வுதான் எனக்குத் தெரிந்த சாய்வு. அதே கணக்கில் ஆறடி நீளத்துக்குச் செங்கல் அடுக்கிப் பூசிவிட்டேன். பீப்பாயைப் பின்னாலிருந்து நாலு பேர் தள்ளுவார்கள் என்பது மறந்துவிட்டது.

பூச்சு காய்ந்ததும் நானே நாற்காலியில் உட்கார்ந்து ஏறிக் காட்டினேன். பாதியில் கை விட்டுப்போய், வந்த வேகத்தில் பின்னால் உருண்டு, எதிரே மீன் விற்கிற அம்மாவின் கூடைமேல் போய் நின்றேன்.

"இன்னா மேஸ்திரி, கப்பல் வுடுறியா? சொல்லிருந்தா கூடைய நவுத்திகினு இருப்பேன்ல" என்றாள் அவள்.

வின்ச் டிரைவரும் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ கல்லு தூக்குற ஆளு, உன்னாலயே முடியல. எனக்கு இன்னா வழி?"

அன்றைக்கே கார்ப்பரேஷன் ஆளும் வந்து சேர்ந்தார். சரிவின் கால் தெருச் சாக்கடை மேல் நிற்கிறது, உடைக்க வேண்டும் என்றார்.

"சார், உங்க சட்டத்துல இவருக்கு இன்னா எழுதிகீது?" என்று கேட்டேன்.

நல்ல மனிதர், கையிலிருந்த புத்தகத்தை உண்மையிலேயே புரட்டிப் பார்த்தார். ஜன்னல் அகலம் இருந்தது, படி உயரம் இருந்தது. "ஒண்ணும் இல்லப்பா" என்றார்.

"கூடாதுன்னும் இல்லியே? உள்ளாற கட்டிக்கிறேன்."

"தெருவுக்கு வராம என்ன வேணா பண்ணிக்க."

உடைத்தேன். மறுநாள் படி மேலிருந்து தெருவரைக்கும் பலகைகளாகப் போட்டுப் பார்த்தேன். இந்த முறை நாற்காலியில் நான் இல்லை, அவரையே உட்கார வைத்தேன். ஒன்பது அடி, பன்னிரண்டு, பதினைந்து. ஒவ்வொன்றிலும் பாதியில் நின்றார். பதினெட்டு அடியில் மூச்சு வாங்காமல் தானே ஏறிவிட்டார். வாசல் முற்றத்தில் அவ்வளவு நீளம் கிடையாது. சுவரோரம் ஒன்பது அடி, நாற்காலி திரும்ப ஒரு மேடை, திரும்பி ஒன்பது அடி என்று மடித்தேன்.

"என் ஸ்கூட்டர எங்கய்யா வைக்கிறது?" என்றார் லாட்ஜ் முதலாளி.

"வெளியதான். தள்ளிகினு போவ உங்களுக்குக் கால் கீதே மொதலாளி."

முறைத்தார், விட்டுவிட்டார். அவர் விடாதது வாசற்படியை. கதவு நிலையின் அடிக்கட்டை நாலு அங்குலம் எழும்பி நின்றது. அதை எடுத்தால்தான் சக்கரம் உள்ளே போகும். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற படி, அதில்லாத வாசலில் லட்சுமி நுழைய மாட்டாள் என்றார். படியை எடுக்கவில்லை என்றேன். தரையை வெட்டிக் கட்டையை உள்ளே இறக்கி, தளத்தோடு சமமாகப் பதித்தேன். மஞ்சள் பூச இடம் இருந்தது, தடுக்க எதுவும் இல்லை.

முதலாளி காலால் தடவிப் பார்த்தார். "எல்லாம் சரி. ஆனா இவன் தெனமும் படிய மெரிச்சிகினு போவானே?"

"நான் எங்க மொதலாளி மெரிக்கிறது?" என்றார் வின்ச் டிரைவர். "என் காலு தரைல பட்டு நாலு மாசம் ஆவுது."

முதலாளி, குளியலறைக் கட்டையையும் இறக்கிவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு வின்ச் டிரைவர் இறங்கினார். பழக்கத்தில் பக்கத்து அறைக்காரர் கையை நீட்டினார். "கைய எடுடா, வண்டி வருது" என்றார் இவர். அந்த அறையிலேயே இன்னும் பல வருஷம் இருந்தார், அந்த வேலையிலும் இருந்தார்.

ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று பிற்காலத்தில் சட்டப் புத்தகத்திலேயே வந்துவிட்டதாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றரை அடிக்குப் பதினெட்டு.

இப்போது முதலாளியின் பிள்ளைகள் லாட்ஜுக்கு விழா எடுத்து ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். அதில் அந்தச் சரிவின் படத்துக்குக் கீழே அப்பாவின் இரக்கம், இஞ்சினியரின் யோசனை என்று இருக்கிறது. அங்கே எந்த இஞ்சினியரும் வரவில்லை, பிள்ளைகளே. அப்பாவின் இரக்கம் உண்மைதான், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் இரக்கத்தில் நாற்காலி ஏறாது, அளவு சரியாக இருந்தால்தான் ஏறும். அந்த அளவு என்னுடையது. மறுபடி அச்சுக்குக் கொடுக்கும்போது இஞ்சினியரை எடுத்துவிட்டு மேஸ்திரி என்று போடுங்கள்.