எதிர் மேசைக் கூட்டம்

எங்கள் மேசையில் நானும் என் மனைவி செல்வியும் மட்டும். எதிர் மேசையில் குட்வில் எஸ்டேட் ஏரியா ரேவதியும் அவளைச் சுற்றிப் பதினான்கு பேரும். போர்ட் பிளேயரில் நடக்கும் இந்தப் பலகை விளையாட்டு மேளாவில் வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

மான் மேயாமல் வயலைக் காக்கும் விளையாட்டொன்றை நானே செய்து, நடு அந்தமானில் இருக்கும் ரங்கத் ஊரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். வழியெல்லாம், மழையில் அட்டை ஊறிவிடுமோ என்று பயம். இப்போது, யாருமே ஆடாமல் போய்விடுவார்களோ என்று பயம். ரேவதியின் விளையாட்டில் கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும்; புயல் சீட்டு விழுந்தால் கப்பல் ரத்து. ஒவ்வொரு ரத்துக்கும் கூட்டம் கூச்சல் போடுகிறது. எனக்கு வயிறு எரிகிறது.

"அண்ணா, முறைச்சது போதும். ஆயியே நா, ஒரு சீட் காலியா இருக்கு," என்கிறாள் ரேவதி.

"நான் சும்மா பாத்தேன்."

"அரே, காலையிலேருந்தா சும்மா பாக்குறீங்க?"

"போய்த்தான் ஆடுங்களேன்," என்று செல்வி என்னைத் தள்ளிவிடுகிறாள்.

மூன்று தடவை என் கப்பல் ரத்தாகிறது. நானும் கத்துகிறேன். எழுந்திருக்க மனமே வரவில்லை; அதுதான் இன்னும் எரிகிறது.

மேளா முடியும்வரை எங்கள் மேசைக்கு யாரும் வரவில்லை. கிளம்பும்போது ரேவதியின் விளையாட்டில் ஒரு பெட்டி வாங்குகிறேன். கையில் இருந்ததைக் கொடுத்தது போக, அவளுக்கு இன்னும் நூற்றைம்பது ரூபாய் தர வேண்டும்.