சைலன்சருக்குக் களிமண் ஒட்டு

என் பழைய வேனின் சைலன்சரில் ஓட்டை விழுந்ததும், எனக்கு முதல் சந்தேகம் நன்னிலம் மெக்கானிக் மேல்தான். அடியில் படுத்துப் பார்த்தவன், "ஒட்டுப் போட்டா நிக்காதுங்க, முழுசா மாத்திடுங்க" என்றான். எழுந்தபோது அவன் கையில் ஸ்க்ரூடிரைவர். குத்திப் பெரிசாக்கியதே இவன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஸ்பேர் கடையில் கமிஷன் இல்லாமலா இவ்வளவு அக்கறை?

நான் வயல்காரன். வரப்பில் உடைப்பு எடுத்தால் களிமண்ணும் வைக்கோலும் வைத்து மிதிப்பேன். தண்ணீர்ச் சத்தம் நின்றால் உடைப்பு அடைபட்டுவிட்டது என்று கரையேறிவிடுவேன். அதே மாதிரி வாய்க்கால் மண்ணை வைக்கோலோடு பிசைந்து ஓட்டையில் அப்பி, எண்ணெய் டின்னை வெட்டிச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கினேன். சத்தம் அடங்கியது. வேலை முடிந்தது என்று கையைக் கழுவிவிட்டேன்.

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். தினமும் இந்த வேனில்தான் கொண்டுபோய் விடுவேன். உரமூட்டை ஏற்றுவதற்காக டிரைவர் பக்கத்து சீட்டைக் கழற்றியிருந்ததால் அவள் பின்னால் உட்காருவாள்.

"தலை சுத்துதுங்க. புகை உள்ள வருது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே?" என்றேன். நான் ஜன்னலைத் திறந்துபோட்டு ஓட்டுகிறவன்.

துபாயில் இருக்கும் அவள் அண்ணன், "அந்த டப்பாவத் தூக்கிப் போடச் சொல்லு" என்று போனில் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கைப்பையில் எலுமிச்சை வாசனை வேறு. அடேயப்பா, நாடகத்துக்குச் சாமான்கூட வாங்கியாச்சா!

தாளடி நடவின்போது சேற்றில் எனக்குக் கால் பிசகியது. அந்த வாரம் திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாணம். ஓட்டுவதற்கு ஆள் வைத்துவிட்டு நான் பின்னால் அவளோடு உட்கார்ந்தேன். நல்ல மழை, கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. பாதி வழியில் நெற்றிப்பொட்டு தெறித்தது, குமட்டியது. அப்போதும் என் சந்தேகப் புத்தி போகவில்லை, காலையில் தின்ற இட்லியைத்தான் சந்தேகப்பட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடி நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தாள். நான் நெளிவது தெரிந்ததும் பையிலிருந்து பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள்.

"மோந்து பாருங்க. கொஞ்சம் தேவலையா இருக்கும்."

பழத்தின் தோல் முழுக்க அவள் நகம் பதிந்திருந்தது.

"தம்பி, வண்டிய நிறுத்துங்க!" என்று கத்தினேன். கதவைத் திறந்து அவளை முதலில் இறக்கினேன். மழையில் நின்று வாயால் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.