ஐந்தாம் சேம்பரில் ஒரு பாசி

சோலைமுத்துவுக்குக் கமுதிப் பக்கம் ஒரு வறண்ட கிராமம். குடிதண்ணீருக்கே குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்கிற ஊரில் பிறந்தவனுக்கு, ஐஸோடு மல்லுக்கட்டுகிற பிழைப்பு வாய்த்ததை என்னவென்று சொல்வது! வளைகுடாவில், ஜெபல் அலித் துறைமுகத்தில் ஒரு கோல்டு ஸ்டோர். வெளியே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற வெயில். உள்ளே மூச்சு விட்டால் மீசையில் உறைகிற குளிர். கப்பலில் வந்து இறங்குகிற ஆட்டுக்கறி, கோழி, இறால் எல்லாவற்றையும் அங்கேதான் அடுக்கி வைப்பார்கள். அந்தக் குளிர் அறைகளுக்குக் கம்பெனி வைத்த பெயர் சேம்பர். உள்ளே நின்று வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

சோலைமுத்துவின் வேலை சரக்கைச் சோதிப்பது. உறைந்த கறி வழியில் எங்கேயாவது இளகி, மறுபடி உறைந்திருந்தால் பெட்டிக்கு அடியில் சிவப்பாக ஐஸ் கட்டியிருக்கும். மற்றவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விடுவார்கள். இவன் விடமாட்டான். வந்த புதிதில் இவன் கவனிக்காமல் விட்ட ஒரு பெட்டி லேபர் கேம்ப் மெஸ்ஸுக்குப் போய், பாதிப் பேர் வயிறு கலங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதிலிருந்து சிவப்பு ஐஸ் என்றால் அவனுக்கு ஆகாது. கெட்ட கறியை ஒதுக்கியதோடு நிற்காமல், பக்கத்துப் பெட்டிகளில் ஒட்டிய சிவப்பையும் தகட்டால் சுரண்டி, வாளியில் அள்ளிக்கொண்டு போய்ப் பின்வாசல் சிமென்ட் தரையில் கொட்டுவான். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.

வேலையில் இத்தனை கறாரான மனிதன், வெள்ளிக்கிழமை போனில் பெண்டாட்டி பஞ்சவர்ணத்திடம் பேச வார்த்தையில்லாமல் திண்டாடுவான். "சாப்டீகளா?" என்பாள். "சாப்டேன். நீ?" என்பான். "ஆச்சு." அப்புறம் கொஞ்ச நேரம் கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்கும். "சரி, வச்சிரவா?" அவ்வளவுதான். காலிங் கார்டில் பாதி மிச்சமிருக்கும்.

முன்பு அப்படியில்லை. அவர்களுக்கு ஒரு பையன் இருந்தான். மூன்று வயதில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். போனது கொடுமை என்றால், அதை இவனுக்குச் சொல்லாமல் விட்டது அதைவிடக் கொடுமை. பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறது, லீவு கிடைக்காது, அங்கே கிடந்து தலையில் அடித்துக்கொள்ளத்தானே போகிறான் என்று பஞ்சவர்ணம் மறைத்துவிட்டாள். மண்ணுக்குள் போன பிள்ளையைப் பற்றி இவன் போனில் கேட்டபோதெல்லாம், "தூங்குறான்ங்க" என்றாள். ஒருநாள் ஷார்ஜாவில் ரோலா கடைத்தெருவில் எதிர்ப்பட்ட ஊர்க்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தார். விஷயம் தெரியாமல் இவன் சிரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பை அவனால் மறக்க முடியவில்லை. "ஏம் புள்ள மறைச்ச?" என்று ஒரே ஒருமுறை கேட்டான். அவள் அழுது ஓய்ந்து போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம்தான் பேச்சு இந்த அளவுக்குச் சுருங்கிப் போனது.

இப்படி இருக்கையில்தான் 2007-இல் அந்த வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிகள் வந்தன. கூடவே சுகந்தாவும் வந்தாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்னதிலேயே நார்வேக்குப் போய்ப் படித்த பெண். ஷார்ஜாவில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி. கல்லூரியில் குளிர் அறை கட்டி முடிகிற வரைக்கும் பெட்டிகள் இங்கே இருக்கட்டும் என்று ஏற்பாடு. சூப்பர்வைசர் விஜயபாஸ்கர் அவற்றை ஐந்தாம் சேம்பரில் வைக்கச் சொல்லி, சோலைமுத்துவைக் கூப்பிட்டு விட்டார்.

"வடதுருவத்து ஐஸ், அண்ணை. பனிமலைக்கு மேல இருந்து வெட்டினது" என்றாள் சுகந்தா. "இதுக்குள்ள பாசி இருக்குது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னன். ஆனா உயிரோட இருக்குது."

"இந்தக் குளிருக்குள்ளயாம்மா?"

"ஓம். குளிர்காலம் முழுக்கச் செத்த மாதிரிக் கிடக்கும். வெளிச்சம் வந்து, ஐஸ் கொஞ்சம் கரைஞ்சால் எழும்பீடும். நான் லீவுக்கு நார்வே போறன். வருமட்டும் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ. மூண்டு வருசப் பாடு, அண்ணை."

"எம் பொறுப்பும்மா" என்றான் சோலைமுத்து. அவனிடம் இதுவரை யாரும் எதையும் அப்படி ஒப்படைத்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, வழக்கமான கம்பி இரைச்சல் ஆரம்பித்ததும், வாயில் வந்ததைச் சொல்லி வைப்போம் என்று பாசிக் கதையைச் சொன்னான். பஞ்சவர்ணத்துக்கு நம்பிக்கை வரவில்லை. "ஐஸுக்குள்ள பாசியா? நம்ம ஊருணிப் படியில வழுக்குமே, அந்தப் பாசியா?" என்று கேட்டாள். "அந்தப் பாசிதான்" என்றான். "அதுக்குக் குளிராதாங்க?" என்றாள். இவன் சிரித்துவிட்டான். அந்தப் பக்கம் அவளும் சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு! அன்றைக்குக் கார்டு தீர்ந்துதான் பேச்சு நின்றது.

அப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் முதல் கேள்வியே "பாசி எப்படி இருக்கு?" என்றாகிவிட்டது. அதற்குப் பசிக்காதா, இருட்டில் பயமாக இருக்காதா, வெளிச்சம் வந்தது அதற்கு எப்படித் தெரியும் என்று ஓயாமல் கேட்பாள். பதில் தெரியாவிட்டாலும் இவன் ஏதாவது அளந்துவிடுவான். பேச்சு அங்கிருந்து ஆட்டுக்கும் மழைக்கும் தாவும். பையனைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு இவனுக்கு நெஞ்சு லேசாக இருக்கும்.

ஆகஸ்டில் ஐந்தாம் சேம்பரின் கம்ப்ரஸர் மக்கர் செய்தது. சரிபார்த்து ஓட விடுவதற்குள் மேல் அடுக்கில் இருந்த கறி லேசாக இளகி ஒழுகிவிட்டது. அப்படி நடந்தால் அந்தப் பக்கத்துப் பெட்டி எல்லாவற்றையும் திறந்து பார்த்தாக வேண்டும். சோலைமுத்து முதலில் ஓடியது வெள்ளைப் பெட்டிகளிடம்தான். மூடியைத் திறந்து, கறுப்புப் பையின் வாயைப் பிரித்தவனுக்குத் திக்கென்றது. ஐஸின் மேல்பக்கம் முழுக்க ரோஜா நிறம். சில இடத்தில் அப்பட்டமான ரத்தச் சிவப்பு.

சுகந்தாவின் நம்பருக்கு அடித்தான். சுவிட்ச் ஆஃப். விஜயபாஸ்கரிடம் ஓடினான். அவர் கறிக்காரர்களோடு போனில் மல்லாடிக்கொண்டிருந்தார். "நீதானய்யா பொறுப்புன்னு சொன்ன, நீயே பாரு. ஜல்தி!" என்றார்.

பாசி என்றால் பச்சை. ஊருணிப் படியில் பார்க்காததா? அதுவும் கண்ணுக்கே தெரியாத பாசி என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். கண்ணை உறுத்துகிற இந்தச் சிவப்பு, மேலேயிருந்து ஒழுகி மூடி இடுக்கில் இறங்கிய கறித்தண்ணீரைத் தவிர வேறென்ன? விட்டுவைத்தால் உள்ளே தூங்குகிற உயிரையும் கெடுத்துவிடும். அவன் தகட்டை எடுத்தான். கட்டி உடையாமல், பிள்ளைக்கு மொட்டையடிப்பது போல அத்தனை பதமாகச் சுரண்டினான். கையுறைக்குள் விரல் மரத்துப் போனது. ஒவ்வொரு கட்டியும் கண்ணாடியாக மின்னுகிற வரைக்கும் ஓயவில்லை. வாளியைக் கொண்டுபோய்ப் பின்வாசலில் கொட்டினான். அந்த வெள்ளி, "பாசிய இன்னிக்கு நாந்தான் காப்பாத்துனேன் புள்ள" என்று பெருமையடித்துக்கொண்டான். "நீங்க இருக்கையில அதுக்கென்ன கொறை" என்றாள் பஞ்சவர்ணம்.

செப்டம்பரில் சுகந்தா வந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தவள் அடுத்த பெட்டியைத் திறந்தாள். பிறகு எல்லாவற்றையும் திறந்தாள். சோலைமுத்து பக்கத்தில் நின்று, கறித்தண்ணீர் ஒழுகியதையும் தான் சுத்தம் செய்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னான். பாராட்டு வரும் என்றுதான் நின்றான் பாவி.

"அண்ணை" என்றாள் அவள். "அந்தச் சிவப்புத்தான் பாசி."

அவனுக்கு விளங்கவில்லை.

"ஒவ்வொண்டும் கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்கில சேர்ந்தால் சிவப்பாத் தெரியும். அங்க கோடையில சூரியன் மறையவே மறையாது. அந்த வெயிலுக்குப் பிடிக்கிற குடைதான் அந்தச் சிவப்பு." கொஞ்சம் நிறுத்தி, "நான் சொல்லியிருக்கோணும். சொல்லேல்லை. எங்க கொட்டினனீங்கள்?" என்றாள்.

பின்வாசலில் சிமென்ட் தரை கொதித்தது. அதன் ஓரத்தில் துரு மாதிரி மெல்லிய கறை காய்ந்து கிடந்தது. அவள் மண்டியிட்டு அதைச் சின்னக் கத்தியால் சுரண்டிச் சின்னக் கண்ணாடிக் குழாயில் போட்டாள். பிறகு ஆபீஸுக்குப் போய், கம்ப்ரஸர் நின்றதில் ஐஸ் கெட்டுவிட்டது என்று மட்டும் விஜயபாஸ்கரிடம் சொன்னாள். சோலைமுத்துவின் பெயரை எடுக்கவேயில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

சில நாள் கழித்து அவளே போன் செய்தாள். "ஒண்டும் எழும்பேல்லை, அண்ணை. நீங்கள் மனசில வைச்சிருக்காதேங்கோ." அவன் வேறெங்கே வைப்பான்? அந்த வாரம் கறிப்பெட்டி ஒன்றின் அடியில் சிவப்பைப் பார்த்துவிட்டு, தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

வெள்ளிக்கிழமை வந்தது. போன் செய்யாமலே இருந்துவிடலாமா என்று பார்த்தான். மனசு கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணு வந்துருச்சாங்க? பாசி கண்ணு முழிச்சிருச்சா?" என்று எடுத்ததுமே கேட்டாள் பஞ்சவர்ணம். குரலில் அத்தனை ஆசை. இந்தக் குரலை மறுபடி நாலு வார்த்தைக்குள் போட்டு அடைப்பதா? கொன்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது, அதுவும் இவளிடம்? வாயைத் திறந்தான். அவன் நினைக்காத வார்த்தை வந்தது.

"தூங்குது புள்ள."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவனுக்கே உறைத்தது. அன்றைக்கு அவள் எப்படிச் சொன்னாள், ஏன் சொன்னாள், சொல்லிவிட்டு எத்தனை பாடுபட்டிருப்பாள் என்று இத்தனை வருஷம் கழித்து விளங்கியது. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான்.

கம்பியில் இரைச்சல் கேட்டது.

பிறகு மெதுவாகக் கேட்டாள். "எப்பங்க போச்சு?"